நோக்கு எழுமுன்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு 'தமிழ்க் கவிதையில் கண்' என்பது. தமிழில் முனைவர் பட்டம் பெற்ற ஒருத்தியிடம் அத்தகைய தலைப்பைத் தருவது இயல்பே. குவளை, கயல், வேல், அம்பு என்று ஒரு மணி நேரம் அடுக்கிவிட்டு இறங்கியிருக்கலாம். ஆயினும் செயலாளரிடம் இசைவு பெற்றுத் தலைப்பைச் சற்றே மாற்றிக்கொண்டேன். கண் எப்படி இருக்கிறது என்று நாம் நிறையப் பாடிவிட்டோம். கண் எப்படி நகர்கிறது, அதனினும் குறிப்பாக, நகர்வதற்கு முன் மூளைக்குள் என்ன நிகழ்கிறது என்பதை இன்று எண்ணிப் பார்க்கலாம் என்பது என் விண்ணப்பம். நான் அறிவியல் பயின்றவள் அல்லள். இத்துறை நூல்களைத் தேடிப் படிக்க வேண்டிய தேவை என் இல்லத்திலேயே எழுந்தது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

கண்ணுக்குக் கயலை உவமையாக்கியதை வடிவ உவமை என்றே வகுப்பறையில் கற்பிக்கிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படியே கற்பித்தேன். இப்போது எனக்கு அதில் ஐயம் உண்டு. தெளிந்த நீரில் கயலைப் பார்த்தவர்கள் அறிவார்கள். அது ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். மறுகணம் வேறோர் இடத்தில் நிற்கும். இடைப்பட்ட வழியை நாம் கண்டிருக்க மாட்டோம். 'பிறழ்தல்' என்ற சொல்லை நம் முன்னோர் கயலுக்கும் வழங்கினார்கள், கண்ணுக்கும் வழங்கினார்கள். உவமையைப் படைத்தவர்கள் வடிவத்தை மட்டுமன்றி அசைவையும் கண்டிருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன்.

ஐயம் உடையவர்கள் இன்றிரவு வீட்டில் ஒருவரைப் படிக்கச் சொல்லி, எதிரே அமர்ந்து அவர் விழிகளைக் கவனியுங்கள். அவை வரியின்மேல் வழுக்கிச் செல்வதில்லை. நிற்கின்றன, தாவுகின்றன, மீண்டும் நிற்கின்றன. விழித்திருக்கும் பொழுதெல்லாம் விநாடிக்கு ஏறத்தாழ 3 முறை இத்தாவல் நிகழ்கிறது. பறக்கும் கொக்கைத் தொடரும்போது கண் வழுக்கிச் செல்லும் என்பது மெய்யே. ஆனால் முன்னே ஓடும் பொருள் ஒன்று இல்லாமல் அப்படி நகர்த்த நம்மில் பெரும்பாலோரால் இயலாது.

ஏன் தாவ வேண்டும்? விழித்திரை முழுவதும் ஒரே கூர்மை உடையதன்று. அதன் நடுவே உள்ள சிறு குழிவில் மட்டுமே எழுத்தைப் படிக்கத்தக்க கூர்மை உண்டு. கையை முழுவதும் நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம் ஏறத்தாழ 2 பாகை. நாம் உண்மையில் தெளிவாகக் காணும் உலகம் அவ்வளவுதான். மற்றவையெல்லாம் மங்கலே. இம்மண்டபம் முழுவதையும் தெளிவாகக் காண்பதாக நாம் கொண்டிருக்கும் எண்ணம், அந்த நகத்தளவு ஒளியை அங்குமிங்கும் எறிந்து மூளை தைத்துக் கொடுத்த துணி.

பாரிசில் எமில் ஜவால் என்னும் கண் மருத்துவர் இருந்தார். 1870களின் இறுதியில், படிப்பதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளால் இந்தத் தாவலுக்கு 'சக்காட்' என்ற பிரெஞ்சுச் சொல் நிலைத்தது. குதிரையின் கடிவாளத்தைச் சுண்டி இழுப்பதற்குரிய சொல் அது. சோதனையைச் செய்தவர் அவரது ஆய்வுக்கூடத்தில் இருந்த லமார் என்று பிற்கால வரலாற்றாய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். லமார் என்ன செய்தார் தெரியுமா? இமைமேல் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி, மறுமுனையைத் தம் காதில் வைத்து, ஒவ்வொரு தாவலின் ஒலியையும் கேட்டு எண்ணினார். கண்ணின் அசைவு காதால் அளக்கப்பட்டது என்பது கவிஞர்களுக்கு உவப்பான செய்தியாக இருக்கும். ஜவால் கண்ணழுத்த நோயால் 1900இல் பார்வையை முற்றிலும் இழந்தார். சோர்ந்துவிடாமல், பார்வையற்றோர் வாழும் முறை பற்றி 1903இல் ஒரு நூல் வெளியிட்டார். இவ்வரலாற்றைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இன்னொரு சோதனை. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணைப் பாருங்கள், பின் வலக்கண்ணைப் பாருங்கள். கண் நகர்வதை நீங்கள் காணவே மாட்டீர்கள். அருகில் நிற்பவர் காண்பார். அமெரிக்க உளவியல் அறிஞர் ரேமண்ட் டாட்ஜ் 1900இல் இதை எழுதிவைத்தார். தாவும் பொழுதில் காட்சி மங்கும்படி மூளை ஒரு திரையை இட்டுவிடுகிறது. நாள் முழுவதும் அந்தத் திரைவிழும் பொழுதுகளைக் கூட்டினால் நாம் எத்தனை நேரம் காணாதிருக்கிறோம் என்பது வியப்பளிக்கும். அக்கணக்கை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

இனி, தாவுமுன் நிகழ்வதற்கு வருகிறேன். இங்கே இலக்கணத்தின் துணையை நாடுவது எனக்கு எளிது. மாத்திரைக்கு அளவு சொல்லவந்த தொல்காப்பியர் கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் சொன்னார். பின்வந்தோர் அந்த நொடித்தலை நான்காகப் பகுத்தனர். நொடிக்க நினைக்கும் அளவில் கால் மாத்திரை, விரலை ஊன்றும் அளவில் அரை, முறுக்கும் அளவில் முக்கால், விடுக்கும்போது ஒன்று. மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது, 'ஓசை பிறப்பது கடைசியில்தானே அம்மா? நினைப்பதை ஏன் கணக்கில் சேர்க்க வேண்டும்?' என்று ஒரு மாணவி கேட்டாள். அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. நினைத்தல் செயலுக்கு வெளியே இல்லை, அது செயலின் முதற்பகுதி என்பதே அவ்விலக்கணத்தின் உட்கிடை என்று இப்போது சொல்வேன்.

கண்ணில் இந்த உன்னல் மிக நீண்டது. இருட்டறையில் ஓர் ஒளிப்புள்ளி தோன்றினால், கண் அதை நோக்கித் தாவத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 200 மில்லி விநாடி ஆகிறது. படிக்கும்போது நிகழும் சிறு தாவலுக்கோ 30 மில்லி விநாடி அளவே போதும். செய்தி விழித்திரையிலிருந்து மூளைக்குச் சென்று தசைக்குத் திரும்ப, அந்த 200இல் பாதிகூட வேண்டியதில்லை. மீதிப் பொழுது எங்கே போகிறது? கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த ரோஜர் கார்ப்பென்டர் 1981இல் இதற்குத் 'தள்ளிப்போடுதல்' என்றே பெயர் வைத்தார். சோம்பல் அன்று, தீர்மானம். பார்க்கத்தக்கவை பல இருக்க, எதைப் பார்ப்பது என்னும் வழக்கு நடக்கும் பொழுது அது. ஒரே மனிதர், ஒரே புள்ளி, ஒரே அறை; ஆயினும் ஒவ்வொரு முறையும் காத்திருப்பின் அளவு மாறுகிறது. 1996இல் ஹேன்ஸ், ஷால் என்னும் இருவர் குரங்கின் நெற்றிப் பகுதி நரம்பணுக்களைப் பதிவு செய்து இதன் உள்ளமைப்பைக் காட்டினர். தாவலுக்கு முன் அந்த அணுக்களின் துடிப்பு ஏறிக்கொண்டே வருகிறது. குறிப்பிட்ட ஒரு வரம்பைத் தொட்டதும் கண் பாய்கிறது. வரம்பு மாறுவதில்லை. ஏறும் விரைவே ஒவ்வொரு முறையும் மாறுகிறது. அடி பிறக்குமுன் நெஞ்சில் ஏதோ ஏறிக்கொண்டு வருவதைக் கவிஞர்கள் அறிவீர்கள். ஆனால் அதுவும் இதுவும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமையில்லை.

வழி இதுதான். நெற்றி மடலில் கண்ணுக்கென்று ஒரு புலம் உண்டு. அங்கே மின்னோட்டம் செலுத்தினால் குரங்கின் கண்கள் மறுபுறம் திரும்பும் என்பதை டேவிட் ஃபெரியர் 1870களிலேயே கண்டார். அதற்குக் கீழே, நடுமூளையின் பின்புறத்தில் பயறளவில் குன்றுகள் உள்ளன. இலத்தீன் பெயருக்கே சிறுகுன்று என்றுதான் பொருள். மேலிருக்கும் இணைக்குன்றில் வெளியுலகத்தின் வரைபடம் ஒன்று விரிந்திருக்கிறது. இடக்குன்றில் வலப்புற உலகம், வலக்குன்றில் இடப்புற உலகம். குன்றின் முன்பகுதியைத் தூண்டினால் சிறு தாவல், பின்பகுதியைத் தூண்டினால் பெருந்தாவல். 1972இல் டேவிட் ராபின்சன் குரங்குகளில் இதை அளந்தார். தூண்டுதலை நிறுத்தாமல் நீட்டினால் கண் வழுக்கிச் செல்லவில்லை. ஒரே அளவான தாவல்களாகப் படிக்கட்டு ஏறுவதுபோல் ஏறிச் சென்றது. தாவல் என்பது கண்ணின் பழக்கம் அன்று, ஆணையின் மொழியே அதுதான் என்பது இதனால் விளங்குகிறது.

என்னை மிகவும் வியப்பில் ஆழ்த்திய பகுதி அடுத்தது. குன்று எப்போதும் அடக்கியே வைக்கப்பட்டிருக்கிறது. 'கரும்பொருள்' எனப்படும் பகுதியின் நரம்பணுக்கள் ஓயாமல் துடித்து, குன்றே, சும்மா இரு என்று அதட்டிக்கொண்டே இருக்கின்றன. நாம் எதையேனும் நோக்க விரும்பும்போது வேறொரு நரம்புத் தொகுதி அந்தக் கரும்பொருளை ஒருகணம் வாயடைக்கச் செய்கிறது. தடை விலகுகிறது, குன்று பேசுகிறது. ஹிக்கோசாகா, உர்ட்ஸ் ஆகியோர் 1983இல் இதை வெளியிட்டனர். இதற்குக் கீழே, மூளைத்தண்டில் மீண்டும் ஒரு காவல். 'நிறுத்தணுக்கள்' என்று நான் பெயரிட்டுக்கொள்ளும் சில நரம்பணுக்கள், கண் நிலைத்திருக்கும் பொழுதெல்லாம் இடைவிடாது துடிக்கின்றன. தாவலுக்குச் சற்று முன் அவை மௌனமாகின்றன. அந்த மௌனத்தில்தான் பாய்ச்சல் அணுக்கள் விநாடிக்கு ஏறத்தாழ 1000 துடிப்புகள் வரையிலான வேகத்தில் வெடிக்கின்றன. நோக்கு பிறப்பது உந்துதலால் மட்டும் அன்று. காவலர் இருவர் அடுத்தடுத்து வழிவிடுவதாலும்.

வெடித்தால் மட்டும் போதாது. விழிக்குழியின் கொழுப்பும் தசைகளும் கண்ணைப் பின்னிழுக்கும். ஆகவே பாய்வதற்கு ஒரு பேருந்தலும், பாய்ந்த இடத்தில் நிற்க அளவான ஒரு பிடியும் என இரண்டு ஆணைகள் வேண்டும். பிடியின் அளவை உந்தலிலிருந்தே கூட்டிக் கணக்கிடும் ஓர் அமைப்பும் மூளைத்தண்டில் உண்டு. தாவல் பிழைத்தால் சிறுமூளை திருத்துகிறது. 1967இல் மெக்லாஃப்லின் செய்த சோதனையில், கண் தாவிக்கொண்டிருக்கும் போதே குறியைச் சிறிது நகர்த்தி வைத்தார். பலமுறை இப்படி ஏமாற்றியபின், கண் தொடக்கத்திலேயே நகர்த்தப்படவிருக்கும் இடத்துக்குப் பாயக் கற்றுக்கொண்டது. குறியை நகர்த்தியதைச் சோதனைக்கு உட்பட்டோர் பெரும்பாலும் உணர்வதில்லை.

இன்னொன்றையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். இடவலத் தாவலை எழுப்பும் பாய்ச்சல் அணுக்கள் மூளைத்தண்டின் பாலப் பகுதியில் இருக்கின்றன. மேல்கீழ்த் தாவலை எழுப்புபவை அதற்கு மேலே, நடுமூளையில். இரண்டும் வெவ்வேறு வீடுகள்.

வள்ளுவர் குறிப்பறிதல் அதிகாரத்தில் ஒரு பெண்ணைக் காட்டுகிறார். அவன் பார்வை தன்மேல் விழும்போது தரையில் கண்ணை ஊன்றி, அவன் பார்வை அகன்றதும் அவனைக் கண்டு முறுவலிப்பவள். நாணம் என்று நாம் உரை எழுதிவிட்டு அடுத்த குறளுக்குப் போய்விடுகிறோம். 1978இல் ஹாலெட் என்பவர் ஒரு சோதனை வகுத்தார். ஒளி எப்பக்கம் தோன்றுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும்; அவ்வளவுதான் விதி. எளிது போலத் தோன்றும். ஆனால் ஒளி தோன்றியதும் கண் தானே அதன்பால் பாய விரும்பும். அதை அடக்கி, ஒன்றுமே இல்லாத வெளிக்கு அதைச் செலுத்த வேண்டும். நலமுள்ளவர்களும் சில முறை தவறுகிறார்கள், சிறுவர்கள் மிகுதியாகத் தவறுகிறார்கள், நெற்றி மடல் பழுதுற்றவர்கள் பெரிதும் தடுமாறுகிறார்கள். மிக விழைந்த ஒன்றை நோக்காமல் நிலத்தை நோக்குவது செயலின்மை அன்று; மூளை செய்யும் கடினமான செயல்களில் ஒன்று. குறளில் வரும் அந்தப் பெண்ணை மென்மையானவள் என்று மட்டும் இனி என்னால் கற்பிக்க இயலாது.

கடந்த ஆண்டு நம் மாதக் கூட்டமொன்றில் ஒரு நண்பர், 'கவிஞன் எந்த நோக்கமும் இன்றிப் பார்ப்பவன். அவன் கண் தூய கண்' என்று வாதிட்டார். கைத்தட்டலும் பெற்றார். நான் அன்று பேசவில்லை, இன்று மறுக்கிறேன். இரஷிய ஆய்வாளர் ஆல்பிரட் யார்பஸ் 1965இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனை உள்ளது. நாடுகடத்தப்பட்டவன் ஒருவன் எதிர்பாராமல் வீடு திரும்பும் காட்சியை வரைந்த ரெப்பினின் ஓவியத்தை ஒருவரிடம் காட்டினார். சும்மா பார்க்கச் சொன்னபோது கண் சென்ற தடம் ஒன்று. இவர்களின் வயதைச் சொல் என்றபோது தடம் முகம் முகமாகத் தாவியது. இக்குடும்பத்தின் பொருள்நிலை என்ன என்றபோது வேறொரு தடம். அவன் எத்தனைக் காலம் வீட்டில் இல்லை என்று கேட்டபோது, வந்தவன் முகத்துக்கும் வீட்டார் முகத்துக்கும் இடையே கண் அலைந்தது. ஓவியம் ஒன்றே, வினா மாற, நோக்கு மாறியது. வினா இல்லாத கண் எங்கும் இல்லை. கவிஞனின் வினா வேறாக இருக்கலாம், அதுதான் அவன் சிறப்பு. 1992இல் டியூஹமல், கோல்பி, கோல்ட்பெர்க் ஆகிய மூவர் கண்டதையும் நண்பருக்குச் சொல்வேன்: குரங்கின் பக்க மேல்மடலில் உள்ள சில நரம்பணுக்கள், கண் தாவுவதற்குச் சற்று முன்பே, தாவியபின் தம் எல்லைக்குள் வரவிருக்கும் பொருளுக்கு விடையிறுக்கத் தொடங்கிவிடுகின்றன. கண் போய்ச் சேருமுன் மூளை போய்விடுகிறது.

இப்போது என் இல்லத்துச் செய்தி.

பத்தாண்டுகளுக்கு முன், இவ்வட்டத்தின் தொடக்க விழாக் கவியரங்கில் முதற்கவிதை படிக்க என் தந்தையாரை அழைத்தீர்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியர், அவையில் மூத்தவர். எழுதிப் படிப்பதே அவர் வழக்கம். 12 வரிக் கவிதை. தாளை மேசைமேல் வைத்து, முதல் வரியைக் கணீரென்று படித்தார். பின் நின்றார். மீண்டும் முதல் வரியையே படித்தார். மீண்டும் நின்றார். அவையில் சிலர் சிரித்தார்கள். 'அடுத்த அடி கிடைக்கவில்லை' என்று சொல்லி, தாளை மடித்துக்கொண்டு வந்து அமர்ந்தார். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். யாரையும் குறைகூற இதைச் சொல்லவில்லை. வயதாகிவிட்டது, நினைவு தடுமாறுகிறது என்றே நானும் எண்ணினேன். நானும் அன்று தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பின் இருமுறை பின்புறமாக விழுந்தார். படியிறங்கும்போது கால் தேடினார். உண்ணும்போது சட்டையெல்லாம் சோறு. அம்மா கடிந்துகொள்வார். கண்ணாடியை மூன்று முறை மாற்றினோம். மூன்றாவது, பைஃபோகல் கண்ணாடி. படிக்கும் வில்லை அதில் கீழ்ப்பாதியில் இருந்தது. கீழே பார்க்கவே இயலாதவருக்குக் கீழ்ப்பாதியில் பார்வையை வைத்துக் கொடுத்திருந்தார்கள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

ஓராண்டு கழித்து ஒரு நரம்பியல் மருத்துவர் அவரை எதிரே அமர்த்தி, மேலே பாருங்கள் ஐயா, கீழே பாருங்கள் ஐயா என்றார். இடவலமாகக் கண் சென்றது. கீழே செல்லவில்லை. பிறகு, 'என் மூக்கையே பாருங்கள்' என்று சொல்லி, தம் இரு கைகளாலும் அவர் தலையைப் பிடித்து மெல்லப் பின்னே சாய்த்தார். அவர் மூக்கைவிட்டு அகலாமல், விழிகள் குழிக்குள் கீழ்நோக்கி உருண்டு வந்தன! தசை நலமாக இருந்தது, நரம்பு நலமாக இருந்தது. கண் போகிறது, கண்ணைப் போகச் சொல்லும் ஆணைதான் பிறக்கவில்லை என்று மருத்துவர் விளக்கினார். புரோகிரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி என்று நோய்க்குப் பெயர் எழுதிக்கொடுத்தார். டொரோண்டோ மருத்துவர்களான ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கி மூவரும் 1964இல் விளக்கிய நோய் அது. நடுமூளையில் மேல்கீழ்த் தாவலை எழுப்பும் வீடு இதில் முன்னதாகவே சிதைகிறது. குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை.

அவர் அன்று மேடையில் சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை. அடுத்த அடி அவருக்குக் கிடைக்கவில்லை. அது தாளில் இருந்தது, விரலகலத்துக்கும் குறைவான தொலைவில் இருந்தது. கழுத்தும் அப்போதே இறுகத் தொடங்கியிருந்ததால் தலையைக் குனிந்தும் எட்ட முடியவில்லை.

மலர்க்குழுவில் இம்முறை ஒரு வழக்கு நடந்ததைச் சிலர் அறிவீர்கள். கவிதைகளை இரு பத்தியாக அச்சிட்டால் தாள் மிச்சம் என்று ஒரு சாரார். கூடாது என்று நான். படிக்கும் கண்ணுக்கு மிகக் கடினமான தாவல், வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குச் செல்லும் நெடுந்தாவலே. அது அடிக்கடி இலக்குக்கு முன்னே விழுந்து, ஒரு குறுந்தாவலால் திருத்திக்கொள்கிறது. வரிகள் நெருங்கியிருந்தால் தவறான வரியில் இறங்குகிறது. உரைநடையில் இது பெரிய இழப்பில்லை. கவிதையிலோ அந்தத் தாவல் நிகழும் இடத்தைத் தீர்மானிப்பவரே கவிஞர்தான். அடியை எங்கே முறிக்கிறீர்களோ அங்கே படிப்பவரின் மூளையில் இரண்டு காவலர்கள் வழிவிட வேண்டியிருக்கிறது. தாளை மிச்சப்படுத்த வேண்டுமானால் விளம்பரப் பக்கங்களைக் குறைக்கலாம் என்று சொன்னேன். பொருளாளர் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

நோய் தெரிந்தபின் தந்தையார் நான்காண்டுகள் இருந்தார். முதல் ஈராண்டுகள் படித்தார். நான் எதிரே அமர்ந்து தாளை அவர் கண்மட்டத்துக்கு உயர்த்திப் பிடிப்பேன். இடமிருந்து வலமாக அவரால் படிக்க முடிந்தது. வரி முடிந்ததும் 'ம்' என்பார். தாளை ஒரு வரி மேலே உயர்த்துவேன். கண் இறங்க வேண்டிய இடத்தில் தாள் ஏறும்.

அப்படிப் படித்தவற்றுள் முதலாவது, அன்று மேடையில் மடித்துக்கொண்டு வந்த அந்தக் கவிதை. 12 வரிகளையும் படித்து முடித்தார். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 'ஏழாம் அடியில் எதுகை தட்டுகிறது. பேனாவை எடு' என்றார். அவர் சொன்ன சொல்லை எழுதிக்கொண்டேன். அந்தத் திருத்தத்தோடு அக்கவிதையை வெளிவரவிருக்கும் மலரில் சேர்க்கக் குழுவினர் இசைந்திருக்கிறார்கள். ஒரே பத்தியாக, வரிக்கு வரி இடம் விட்டு.